ஏப்ரல் 24, வெள்ளி

அப்பாவின் நோட்டில் ஒரே ஒரு இடத்தில்தான் நான் கை வைத்தேன். 1976-ஆம் வருடத்து நடவுக் குறிப்பு அது. "ஏப்ரல் 24, வெள்ளி. நடவு. காற்று இல்லை" என்று எழுதியிருந்தார். நான் கிழமையை எண்ணிப் பார்த்தேன். மூன்று முறை எண்ணினேன். அந்த வருடம் ஏப்ரல் 24 சனிக்கிழமை. அப்பா கிழமையை மறந்திருப்பார் என்று நினைத்து, "வெள்ளி"யின் மேல் பென்சிலால் மெல்லிய கோடு போட்டு, பக்கத்தில் "சனி" என்று எழுதினேன்.

கதவைப் பூட்டிவிட்டுப் பாதித் தெருவிலிருந்து திரும்பி வந்து இழுத்துப் பார்க்கிறவள் நான். வேலை பார்க்கும் நூலகத்தில் ஒரு புத்தகத்தை அடுக்கினால் அதன் எண்ணை இரண்டு தடவை வாசிப்பேன். அப்படிப்பட்டவளுக்கு அந்த இடத்தில் மட்டும் சந்தேகமே வரவில்லை. இதை எழுதும்போது முதலில் அதைத்தான் சொல்ல வேண்டும் என்று தோன்றுகிறது.

ஏரிக்கரை வீட்டில் நானும் அண்ணி அன்ஃபிசாவும் மட்டும்தான். அண்ணன் நசார் பின்லாந்தில் கட்டட வேலை செய்கிறான். வருடத்தில் ஆறு வாரம் வருவான். அப்பா காலமாகி இரண்டு வருடம் ஆகிறது. வீட்டுக்குப் பின்னால் வெங்காயத்துக்கு நாற்பது மேட்டுப்பாத்திகள். பேருக்கு அவை குடும்பத்துடையவை. குனிந்து நிமிர்ந்து பதினாறு வருடமாக அவற்றைக் காப்பாற்றியது அண்ணி.

போன இலையுதிர்காலத்தில் மழை விடவே இல்லை. அறுவடையில் பெரும்பகுதி அழுகிப்போனது. விதை வெங்காயத்திலும் சின்னவை எல்லாம் போய், கட்டைவிரல் பருமனுள்ளவைதான் மிஞ்சின. பெரிய விதை ஆபத்தானது. குளிரில் சில நாள் கிடந்தால் போதும், ஒரு குளிர்காலம் கடந்துவிட்டதாக அது நினைத்துக்கொள்ளும். அப்புறம் ஜூனில் காய் பிடிக்காமல் பூத்தண்டு விட்டுவிடும். அதனால்தான் நாங்கள் விதையைப் பழைய மீன்வலைகளில் போட்டு, குளிர்காலம் முழுக்க அடுப்புக்கு மேல் உத்தரத்தில் தொங்கவிடுகிறோம். அந்த வலைகளைத் திருப்பிப் போடுவதற்காக ஜனவரியில் ஒரு நாள் பெஞ்சு மேல் ஏறி நின்றபடிதான் அண்ணி அதைச் சொன்னாள்.

"இதான் கடைசி, ஜீனா. இந்த வருஷமும் பாத்தி கைவிட்டுச்சுன்னா நான் மூட்டையக் கட்டிட்டு உங்கண்ணன்கிட்டப் போயிடுவேன். வீட்டுக்குப் பூட்டு. நீ தார்த்து டவுன்ல உங்க சித்தி வீட்டுல இருந்துக்க."

"விளையாட்டுக்குச் சொல்றீங்களா அண்ணி?"

"விளையாடுறதுக்கு எனக்கு யாரு இருக்கா இங்க?"

எனக்கு இருபத்துமூன்று வயது. வேறு வீட்டில் மூன்று இரவுக்கு மேல் தூங்கியதில்லை. அன்றிலிருந்து ஒவ்வொரு நாளும் காலையில் எழுந்ததும் உத்தரத்தில் தொங்கும் வலைகளைத்தான் முதலில் பார்த்தேன்.

நான் செவ்வாய்க்கிழமையும் வியாழக்கிழமையும் மாலை வகுப்புக்குப் போகிறேன். பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஆறு மணி முதல் எட்டு மணி வரை எஸ்டோனிய மொழி. வீட்டில் ரஷ்ய மொழி பேசுகிற எங்களுக்குக் குடியுரிமைத் தேர்வுக்கு அது வேண்டும். ஆசிரியை ஹெல்வே, தினமும் பத்து வரி டைரி எழுதச் சொன்னார். "உங்களுக்கு நல்லாத் தெரிஞ்ச ஒரு விஷயத்தைப் பத்தி எழுதுங்க" என்றார். எனக்கு நல்லாத் தெரிந்த விஷயம் எது என்று நான்கு நாள் யோசித்து, வெங்காயம் என்று முடிவு செய்தேன்.

அப்பாவின் நோட்டில் 1971 முதல் 1996 வரை குறிப்புகள் இருந்தன. கடைசி உறைபனி எந்தத் தேதி, நடவு எந்தத் தேதி, எத்தனை மூட்டை வந்தது. எல்லாவற்றையும் அட்டவணையாக்கினேன். நல்ல விளைச்சல் வந்த வருடங்களுக்குச் சிவப்புப் பேனாவால் கட்டம் போட்டேன். கட்டங்கள் எல்லாம் மேலே, முதல் பதின்மூன்று வருடங்களில் விழுந்தன. அந்த வருடங்களில் நடவு ஏப்ரல் 24, ஒரு நாள் முன்னே பின்னே. கடைசி உறைபனியும் ஏப்ரலோடு முடிந்திருந்தது. 1984-லிருந்து எல்லாமே மே மாதத்துக்குத் தாவியிருந்தது, விளைச்சலும் குறைந்திருந்தது. "நாம் தாமதமாக நடுகிறோம். அதனால்தான் விளைச்சல் குறைகிறது" என்று எஸ்டோனிய மொழியில் எழுதிக் காட்டினேன். ஹெல்வே பெரிதாக ஒரு டிக் போட்டு, "மிகத் தெளிவு" என்று எழுதினார். அந்தப் பக்கத்தை நான் எத்தனை முறை எடுத்துப் பார்த்தேன் என்பதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

இந்த வருடம் பனி மார்ச்சிலேயே உருகத் தொடங்கியது. ஏப்ரல் இரண்டாவது வாரம், ஈஸ்டர் முடிந்த பிறகு, அட்டவணையை அண்ணி முன்னால் வைத்தேன். அவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். பக்கத்தைக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தாள், தள்ளி வைத்துப் பார்த்தாள்.

"இருபத்துநாலா?"

"ஆமா அண்ணி. அப்பா நல்லா எடுத்த வருஷமெல்லாம் இருபத்துநாலுதான்."

"ஏப்ரல் இருபத்துநாலு."

"ஆமா."

அவள் விரல் ஒரு சிவப்புக் கட்டத்தின் மேல் கொஞ்ச நேரம் இருந்தது. என்னைப் பார்த்தாள். நான் ஏச்சுக்குத் தயாராக இருந்தேன். நான் உப்பு போட்டால்கூட இரண்டு வார்த்தை ஏசுகிறவள் அவள்.

"சரி. புள்ளிவிவர மகாராணி சொன்னா அப்பீல் ஏது?" என்று எழுந்து போய்விட்டாள்.

அவ்வளவுதான். அன்று டைரியில், "அண்ணி ஒத்துக்கொண்டாள்" என்று எழுதிவிட்டு, ஏனோ அடியில் ஒரு கேள்விக்குறி போட்டிருக்கிறேன்.

ஏப்ரல் 24, சனிக்கிழமை நட்டோம். வரிசையாக மரமுளைகள் அடித்த பலகையை அண்ணி பாத்தி மேல் வைத்து மிதித்துக் குழி போட, நான் பின்னாலேயே ஒவ்வொரு குழியிலும் ஒரு விதையாக, வேர் கீழே பார்க்க வைத்துக்கொண்டு போனேன். பாத்திக்கு நூறு. வேலிக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டு லுக்கேரியா பெரியம்மா வாளியோடு நின்றாள்.

"என்னடி அன்ஃபிசா, எகோரே இன்னும் வரல, அதுக்குள்ள மண்ணத் தொட்டாச்சு?"

ஊரில் எல்லோரும், குதிரை மேல் ஈட்டியோடு வரும் எகோர் புனிதரின் நாள் கழிந்த மறுநாள்தான் நடுவார்கள். மே 6 எகோர், 7 நடவு.

"எங்க வீட்ல படிச்ச பொண்ணு இருக்கு பெரியம்மா. எகோருக்கே கணக்குச் சொல்லிக் குடுப்பா" என்றாள் அண்ணி, நிமிராமலே.

"பாத்துடி. அவரு ஈட்டி வச்சிருக்காரு."

நானும் சிரித்தேன். ஊர்க்காரர்கள் காலப்போக்கில் சோம்பேறியாகி நடவைத் தள்ளிவிட்டார்கள், அப்பாவின் இளமைக் காலத்தில் யாரும் எகோருக்காகக் காத்திருக்கவில்லை என்றுதான் அப்போது நினைத்தேன். அட்டவணை அப்படித்தானே சொன்னது.

செவ்வாய்க்கிழமை வகுப்பில் ஹெல்வே மாதங்களையும் விசேஷ நாட்களையும் நடத்தினார். பலகையில் ஏப்ரல் 23 என்று எழுதி, "ஜூரி நாள். உழவு தொடங்குற நாள். போன வெள்ளிக்கிழமைதான் வந்துட்டுப் போச்சு" என்றார்.

எனக்கு முன் பெஞ்சில் சவேலி. ஐம்பது வயது, மீனவர். தேர்வில் இரண்டு முறை தோற்று மூன்றாவது முறை படிக்கிறார். அவர் கையைத் தூக்கினார்.

"டீச்சர், உங்க ஜூரிதானே எங்க எகோரு? அதே ஆளு, அதே குதிர, அதே ஈட்டி?"

"அதே புனிதர்தான்."

"அப்ப உங்க ஊருக்குப் போன வாரமே வந்துட்டாரு, எங்க ஊருக்கு அடுத்த வாரம்தான் வருவாரு. நடுவுல பதிமூணு நாளு எங்க போறாரு மனுஷன்?"

"குதிரைக்கு லாடம் அடிக்கப் போயிருப்பாரு" என்றார் பின்னாலிருந்து ஒருவர்.

"லாடமாவது. ஏரியில இன்னும் பனிக்கட்டி கிடக்கு, குதிர வழுக்கும்னு கரையிலயே நிக்கிறாரு."

ஹெல்வேயும் சிரித்துவிட்டார். "உங்க கோயில் கணக்குல இன்னிக்கு என்ன தேதி சவேலி? எஸ்டோனிய மொழியில சொல்லுங்க."

அவர் விரல்களை மடக்கினார். "இருபத்தேழுல பதிமூணு போனா... பதினாலு. ஏப்ரல் பதினாலு. எங்க எகோரும் இருபத்துமூணாம் தேதிதான் டீச்சர். பழைய இருபத்துமூணு."

நான் குறிப்பேட்டில் "பழைய 23" என்று எழுதினேன். பேனா அங்கேயே நின்றது.

பழைய 23 எகோர். மறுநாள் நடவு. மறுநாள், 24.

வகுப்பில் அடுத்து என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. எட்டு மணிக்குப் பேருந்தில் ஏறியபோதும் வெளிச்சம் இருந்தது. மடியில் குறிப்பேட்டை வைத்து எண்ணிக்கொண்டே வந்தேன். எங்கள் கோயில் இன்னும் பழைய நாட்காட்டியில்தான் ஓடுகிறது, பதின்மூன்று நாள் பின்னால். பழைய கணக்கில் ஏப்ரல் 24 என்றால் புதிய கணக்கில் மே 7. 1976 மே 7 என்ன கிழமை? முன்னாலிருந்து எண்ணினேன். பின்னாலிருந்து எண்ணினேன். வெள்ளி.

அப்பா கிழமையை மறக்கவில்லை.

வீட்டுக்கு வந்து 1984-ஆம் வருடத்துப் பக்கத்தைத் திறந்தேன். மையின் நிறமே மாறியிருந்தது. அந்த வசந்தத்தில்தான் அப்பா கூட்டுப்பண்ணை அலுவலக வேலைக்குப் போனார்; பாத்திகளுக்கு அவர் கை குறைந்தது, மூட்டையும் குறைந்தது. அங்கே எல்லாம் அரசாங்கத் தேதி. வீட்டு நோட்டிலும் அதையே எழுதத் தொடங்கிவிட்டார். நடவு தாமதமாகவே இல்லை. அதே எகோர், அதே மறுநாள். தேதியின் பெயர் மட்டும்தான் மாறியிருந்தது. நான் எண்களைப் பார்த்துக் கட்டம் போட்டிருக்கிறேன். அந்த எண்களை எழுதியவர் எந்தச் சாமி முன்னால் நின்றார் என்று ஒரு தடவைகூட நினைத்துப் பார்க்கவில்லை.

அண்ணியிடம் அன்று சொல்லவில்லை. புதன்கிழமையும் சொல்லவில்லை.

புதன்கிழமை ஏரியின் மேலிருந்து வடகாற்று திரும்பியது. வரும் ஐந்து நாளும் தரையில் உறைபனி என்று வானொலி சொன்னது. நான் தெருப் பக்கத்துக் கடைசிப் பாத்தியில் ஒரு விதையைத் தோண்டிப் பார்த்தேன். அடியில் நான்கு வெள்ளை வேர்கள், தையல் நூல் கனம். மண் கையை வலிக்க வைக்கும் குளிர். உறைபனியில் வெங்காயம் செத்துப்போகாது. அதுதான் இதிலுள்ள மோசம். பச்சையாக முளைக்கும், நன்றாகத்தான் இருக்கும். பூத்தண்டு வருகிறதா என்பது ஜூன் மூன்றாவது வாரத்தில்தான் தெரியும். அதுவரை யாருக்கும் தெரியப்போவதில்லை. ஏழு வாரம். டைரியில் "ஏழு வாரம்" என்று எழுதி, அடித்து, பக்கத்தையே கிழித்தேன். கிழித்த பக்கத்தை அடுப்பில் போடப் போனபோது அண்ணி அங்கே சூப் கிளறிக்கொண்டிருந்தாள். சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

வியாழக்கிழமை மத்தியானம். உருளைக்கிழங்கும் கருவாடும். அண்ணி சிக்கரிக் காப்பியைத் தட்டில் ஊற்றி ஊதிக்கொண்டிருந்தாள். நான் நோட்டைக் கொண்டுவந்து மேசையில் வைத்தேன்.

"அண்ணி, அட்டவணை தப்பு."

அவள் ஊதுவதை நிறுத்தவில்லை.

"எண்பத்துநாலு வரைக்கும் அப்பா பழைய கணக்குல எழுதியிருக்காரு. நான் பாக்கல. அவரு நட்டதெல்லாம் மே ஏழு. நாம பதிமூணு நாள் முன்னாடி நட்டுட்டோம். பெரிய விதை வேற. குளிர் வருது. எல்லாம் பூத்துரும். என் தப்புதான், நீங்க..."

"தெரியும்."

"வானொலில கேட்டீங்களா?"

"அதில்ல. இருபத்துநாலுன்னா எகோருக்கு மறுநாள்னு தெரியும். நீ கட்டம் போட்டுக் கொண்டாந்து வச்ச அன்னிக்கே தெரியும்." ஒரு மடக்குக் குடித்தாள். "உங்கப்பாவோட ஒரே வீட்டுல பதினாலு வருஷம் இருந்தவடி நான். அவரு என்னிக்கு நடுவாருன்னு எனக்குத் தெரியாதா?"

நான் அண்ணாந்து பார்த்தேன். அடுப்புக்கு மேல் வெற்று வலைகள் தொங்கின.

"அப்புறம் ஏன் அண்ணி சொல்லல?"

அவள் தட்டைக் கீழே வைத்தாள். மீன் முள் ஒன்றை மேசை ஓரமாகத் தள்ளினாள்.

"வருஷத்துல ஆறு வாரம் வர்றான் உங்கண்ணன். பதினாறு வருஷமா இந்த ஏரிச் சேத்தை வாரிப் பாத்தியில போட்டுட்டு இருக்கேன். போறேன்னு நானாச் சொன்னா இந்தத் தெரு என்ன சொல்லும்? பாத்திய விட்டுட்டுப் போனவ. ஜெப வீட்டுல ஒருத்தி பக்கத்துல நிக்க மாட்டா. பாத்தியே என்னை விட்டுட்டா? அப்ப யாரு என்ன பேச முடியும்? பாவம் அன்ஃபிசா, ரெண்டு வருஷம் தொடர்ந்து போச்சும்பாங்க."

"அதுக்கு என் தப்பு தேவைப்பட்டுச்சா?"

"நான் தேடிப் போகல. நீதான் சிவப்புப் பேனாவுல எழுதிக் கொண்டாந்து குடுத்த."

"ஜூன்ல எல்லாம் பூத்திருந்தா நான் என்ன ஆகியிருப்பேன்? ஆயுசுக்கும் அத நெனச்சுக்கிட்டே இருந்திருப்பேன் அண்ணி. உங்கள வீட்ட விட்டு அனுப்புனது நான்தான்னு."

"நீ எப்படியும் எதையாவது நெனச்சுக்கிட்டே இருக்கிறவதானே" என்றாள். சொன்ன வேகத்திலேயே அவள் முகம் மாறியது. ஏச்சு எல்லை தாண்டியது அவளுக்கே தெரிந்தது. அவள் எழுந்து ஜன்னல் பக்கம் போனாள். பாத்திகள் அங்கிருந்து தெரியும்.

நான் சாப்பாட்டை அப்படியே விட்டுவிட்டு வெளியே போய் மண்கிளறியை எடுத்தேன். நாற்பது பாத்தி, நாலாயிரம் விதை. இரண்டு நாளில் எடுத்துவிட முடியுமா என்று கணக்குப் போட்டேன். முடியாது. போட்டுக்கொண்டே முதல் பாத்தியில் குனிந்தேன்.

மூன்றாவது பாத்தியில் இருக்கும்போது அண்ணி வந்தாள். கையில் மீன்வலைகள்.

"ஜீனா, பாதி எடு போதும். தெருப் பக்கத்து இருபது உனக்கு. ஏரிப் பக்கத்து இருபது கிடக்கட்டும்."

"கிடந்தா பூத்துரும்."

"அது எனக்கு."

நான் நிமிர்ந்து பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. பாத்தி ஓரத்தில் கவிழ்த்த வாளி மேல் உட்கார்ந்து, நான் எடுத்துப் போட்ட விதையில் மண்ணைத் தட்டி, வேரை நகத்தால் கிள்ளி, வலைக்குள் போடத் தொடங்கினாள். பதினாறு வருடத்துக் கை அது. நான் ஒன்று எடுப்பதற்குள் அவள் மூன்று முடித்தாள்.

அன்று வகுப்புக்குப் போகவில்லை. ஐந்து மணிக்கு லுக்கேரியா பெரியம்மா வேலிக்கு வந்தாள்.

"சனிக்கிழம பொதச்சத வியாழக்கிழம தோண்டுறீங்களே! உள்ள மூச்சு முட்டுதா அதுங்களுக்கு?"

அண்ணியின் கை நின்றது. தெரு முழுக்கப் போகப்போகிற பதில் அது.

"தேதியத் தப்பா எண்ணிட்டேன் பெரியம்மா. என் தப்பு. அண்ணி நான் சொன்னதக் கேட்டு நட்டுட்டாங்க" என்றேன்.

"படிச்ச பொண்ணு!" என்று அவள் வாளியைத் தூக்கிக்கொண்டு போனாள்.

அண்ணி தன் கம்பளிக் கையுறையைக் கழற்றி என் மடியில் போட்டாள். வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்குள் இருபது பாத்தியும் எடுத்துவிட்டோம். வலைகள் மறுபடி உத்தரத்துக்கு ஏறின.

உறைபனி சொன்னபடி வந்தது. ஐந்து நாள் இல்லை, ஏழு நாள். காலையில் ஏரிப் பக்கத்துப் பாத்திகள் உப்பு தூவினது போல இருக்கும். அண்ணி பால் வாங்கப் போகும்போது அவற்றைச் சுற்றிக்கொண்டு போவாள்.

மே 6, வியாழக்கிழமை, எகோர் வந்தார். ஜெப வீட்டில் நாங்கள் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்றோம். மறுநாள் நான் தனியாக நட்டேன். குழி போடும் பலகையை அண்ணி கொடுத்தாள். மிதிக்க வரவில்லை. காற்று இல்லை. சாயங்காலம் அப்பாவின் நோட்டைத் திறந்து, 1976-இல் நான் போட்ட பென்சில் கோட்டையும் "சனி"யையும் அழித்தேன். கோட்டின் தடம் போகவில்லை. கடைசிப் பக்கத்தில், அவர் எழுதுவது போலவே எழுதினேன்: "ஏப்ரல் 24, வெள்ளி. நடவு." அடியில் புதிய தேதியையும் எழுதினேன். இனி யாராவது எண்ணிப் பார்த்தால் குழம்பக் கூடாது.

ஜூன் பதினெட்டாம் தேதி முதல் பூத்தண்டு தெரிந்தது. மாதக் கடைசியில் எண்ணினேன். என் இருபது பாத்தியில் அறுபத்தொன்று. ஒவ்வொன்றையும் அடியில் ஒடித்துவிட்டேன். ஏரிப் பக்கத்தில் எண்ணவில்லை. எண்ணத் தேவை இருக்கவில்லை. இடுப்பு உயரத்துக்குத் தண்டுகள், ஒவ்வொன்றின் உச்சியிலும் தோல் மூடிய மொட்டு. அண்ணி அவற்றின் நடுவில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"ஒடிக்கலையா அண்ணி?"

"எதுக்கு? பூக்கட்டும். இத்தனை ஒண்ணாப் பூத்து நான் பாத்ததே இல்ல."

வேலிக்கு அந்தப் பக்கம் லுக்கேரியா பெரியம்மா, "பாவம் அன்ஃபிசா" என்று யாரிடமோ சொல்வது கேட்டது. அண்ணிக்கும் கேட்டிருக்கும். அவள் ஒரு தண்டை வளைத்து, மொட்டை மோந்து பார்த்துவிட்டு விட்டாள். அது நிமிர்ந்து ஆடியது.

"வீட்டுக்குப் பூட்டு வேண்டாம். நீதான் இருக்கியே" என்றாள்.

"எப்ப கிளம்புறீங்க?"

"பேதுரு நாள் கழிச்சு ரெண்டு நாள்ல."

பேதுரு நாள் ஜூன் 29. அல்லது ஜூலை 12. கேட்காமல் இருக்க முடியவில்லை.

"எந்தக் கணக்குல அண்ணி?"

அவள் என்னைப் பார்த்தாள். இந்த வருடத்தில் முதல் தடவையாகச் சத்தமாகச் சிரித்தாள், கண்ணைத் துடைத்துக்கொள்கிற அளவுக்கு.

"நாள் நம்ம கணக்குடி. ஆனா ஹெல்சிங்கிக் கப்பலு புதுக் கணக்குலதான் போகும். ஜூலை பதினாலு. எழுதிக்க, புள்ளிவிவர மகாராணி."

உள்ளே போய் எழுதிக்கொண்டேன். ஜூலை 14. கிழமையை முன்னாலிருந்து ஒரு முறையும் பின்னாலிருந்து ஒரு முறையும் எண்ணினேன். புதன்.